நொதியமும் கீழ்ப்படையும்: யாராவது விளங்கப்படுத்த முடியுமா?

எல்லாருக்கும் வணக்கம். வெள்ளவத்தையில் இருக்கிறோம். மகள் உயர்தரத்தில் உயிரியல் படிக்கிறாள். நொதியம் (உயிர்க்கலத்தில் இரசாயனத் தாக்கங்களை விரைவாக்கும் புரதம்) கீழ்ப்படையோடு (அது தாக்கும் மூலக்கூறு) பிணையும் விதத்தில் ஒரு சிக்கல்.

1894இல் எமில் பிஷர் சொன்ன, கீழ்ப்படை நொதியத்துக்குள் திறப்பு பூட்டில் பொருந்துவதுபோல் பொருந்தும் என்ற ‘பூட்டும் திறப்பும்’ விளக்கம் அவளுக்கு நன்றாக விளங்கிவிட்டது. 1958இல் கோஷ்லண்ட் சொன்ன தூண்டப்பட்ட பொருத்தம், அதாவது கீழ்ப்படை வந்ததும் நொதியம் வளைந்து பொருந்தும் என்பதுதான் பிரச்சினை. நேற்றிரவு கேற் பூட்டை மேசையில் வைத்து, திறப்பைப் போட்டுத் திருப்பிவிட்டு, "அம்மா, பூட்டு வளையவில்லையே, நொதியம் மட்டும் ஏன் வளையுது?" என்று கேட்டாள். நல்ல கேள்வி. கையை உள்ளே விட்டதும் உருவம் எடுக்கும் கையுறை மாதிரி என்றேன். உடனே அடுத்தது வந்தது: வளைந்து கொடுக்குமென்றால், பொருந்தாத மூலக்கூறுக்கும் வளையாதா?

எக்சோகைனேஸ் என்ற நொதியம் குளுக்கோஸ் வந்ததும் இரண்டு மடல்களையும் மூடி, நீரை வெளியே தள்ளுகிறது என்று வாசித்தேன். ஐதரசன் பிணைப்பு போன்ற மெல்லிய பிணைப்புகள்தான் பிடித்து வைக்கின்றனவாம். ஆனால் சரியான மூலக்கூறைத் தெரிவது எந்தக் கட்டத்தில் நடக்கிறது? முதலில் தொடும்போதா, மூடிய பிறகா?

உயிரியல் படிப்பிக்கிறவர்கள் தயவுசெய்து தமிழில் எழுதுங்கள். கையால் வரைந்த படமென்றால் இன்னும் நல்லது. வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கம் யாராவது ஒரு மணித்தியாலம் நேரில் சொல்லித்தர முடிந்தால், நாங்களே வருகிறோம்.