புதுப்பிப்பு: பாதியில் நின்ற பேட்டரி ரம்பம், கோளாறு பேட்டரியில் இல்லை

என் 18 வோல்ட் வட்ட ரம்பம் பிளைவுட்டைப் பாதி அறுத்ததும் திணறி நிற்கிறது, விளிம்பும் கருகுகிறது என்று கேட்டிருந்தேன். யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி.

முதலில் வேறு பேட்டரி போட்டுப் பார்த்தேன், பலனில்லை. "பிளேடைக் கழற்றிப் பாருங்க" என்றவர் சொன்னதுதான் சரி. பேட்டரியை எடுத்துவிட்டுக் கழற்றினால், பல்லிடுக்கெல்லாம் பழுப்பு நிறப் பிசின், நகத்தால் சுரண்டினாலும் வரவில்லை. பாத்திரம் கழுவும் திரவம் கலந்த வெந்நீரில் 20 நிமிடம் ஊறவைத்து, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து, ஈரம் போகத் துடைத்து மாட்டினேன். கருகல் போச்சு.

நிற்பது மட்டும் தொடர்ந்தது. பலகையின் இரு முனைகளை மட்டும் தாங்கி வைத்திருந்தேன். நடுவில் தொய்ந்து, அறுத்த இடைவெளி நெருங்கி பிளேடைக் கவ்வியிருக்கிறது. இப்போது அடியில் முழுசாகத் தெர்மாகோல் விரித்து, பிளேடு பலகைக்குக் கீழே 5 மி.மீ. மட்டும் நீளும்படி வைத்து அறுக்கிறேன். நிற்பதே இல்லை.

எதிர்பாராதது ஒன்று. பிளேடின் கீழ்ப் பகுதியை மறைக்கும் காப்பு மூடி முழுசாக மூடாமல் விரலகலம் திறந்தே நின்றது, கீலில் மரத்தூள் அப்பியிருந்தது. நான் இவ்வளவு நாள் கவனிக்கவேயில்லை! எண்ணெய் விட்டால் இன்னும் தூள் ஒட்டும் என்பதால் பிரஷ்ஷால் மட்டும் சுத்தம் செய்தேன். இப்போது மூடியைத் திறந்து கையை எடுத்ததும் டக்கென்று மூடுகிறது.