வீட்டில் செய்த டப் டவர்: நம்ம ஊர் வெக்கையில் யாருக்கு எப்படி வேலை செய்கிறது?

உப்புவெளிக்காரன்:

மச்சான் கனடாவிலிருந்து லீவில் வந்தபோது இரண்டு கோர்னி கெக் (சோடா, பியர் அடைத்து வாயு ஏற்றுகிற பீப்பா), ஒரு ரெகுலேற்றர் (வாயு அழுத்தத்தைக் கட்டுப்படுத்துவது), பானம் பிடிக்க இரண்டு ஸ்டெயின்லஸ் டப் எல்லாம் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்து தந்துவிட்டுப் போனார். ஒரு கெக்கில் 19 லீற்றர் பிடிக்கும். கரியமில வாயுச் சிலிண்டரை விமானத்தில் கொண்டுவர முடியாதே, அதை இங்கேயே தீயணைப்புச் சிலிண்டர் நிரப்புகிற இடத்தில் பிடித்தேன். பழைய ஒற்றைக் கதவு பிரிட்ஜ் ஒன்று வீட்டில் சும்மா நின்றது. மிச்சம் தேவைப்பட்டது டவர் மட்டும்தான், அதாவது பிரிட்ஜின் மேல் நட்டு டப்பைப் பூட்டுகிற தூண். வெளியிலிருந்து எடுப்பித்தால் தீர்வையோடு சேர்த்து பிரிட்ஜின் விலையைத் தாண்டிவிடும். சரி, நாமே செய்வோம் என்று இறங்கியாயிற்று.

திருகோணமலையில் அனுராதபுரச் சந்திப் பக்கம் மாடிப்படிக் கைப்பிடி அடிக்கிற வெல்டிங் கடையில் 3 அங்குல ஸ்டெயின்லஸ் பைப் வெட்டுத்துண்டு ஒன்று கிடைத்தது. அடியில் தட்டு வைத்து ஒட்டி, மேலே மூடி போட்டுத் தந்தார்கள். டப்பின் தண்டு நுழைய 22 மில்லிமீற்றர் துளை வேண்டும். ஸ்டெயின்லஸைத் துளைக்கும்போது துறப்பணத்தின் வேகத்தைக் குறைத்து, எண்ணெய் விட்டு விட்டுத்தான் இறக்க வேண்டும். வேகமாகப் போனால் இரும்பு இறுகி, பல் மழுங்கிவிடும். இன்னொன்று: பைப் வளைவு, டப்பின் வளையமோ தட்டை. நடுவில் ஒரு தேக்குத் துண்டை ஒரு பக்கம் வளைவாகவும் மறுபக்கம் தட்டையாகவும் செதுக்கி வைத்தால்தான் டப் ஆடாமல் நிற்கும். எங்கள் பக்கத்துத் தச்சர் அதை அரைமணி நேரத்தில் முடித்துவிட்டார்.

டவர் பார்க்க நல்ல வடிவுதான். ஆனால் முதல் கிளாஸ் முழுக்க நுரை. இரண்டாவது பாதி நுரை. மூன்றாவதுதான் குடிக்கக்கூடியது. அரைமணி கழித்துத் திறந்தால் மறுபடி முதலிலிருந்து அதே கதை.

காரணம் எளிது. கெக் 3 பாகை செல்சியஸில் இருக்கிறது, டவருக்குள் நிற்கும் ஹோஸ் வீட்டுச் சூட்டில் இருக்கிறது. குளிரில் கரைந்திருந்த வாயு சூடு பட்டதும் வெளியே வரத் துடிக்கும். குளிர்காற்று கனமானது, பிரிட்ஜின் அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும், தானாக டவருக்குள் ஏறாது. அதனால் கணினியிலிருந்து கழற்றிய 12 வோல்ட் விசிறி ஒன்றைப் பிரிட்ஜுக்குள் வைத்து, அதன் வாயிலிருந்து ஒரு மெல்லிய குழாயை டவரின் உச்சி வரை கொண்டுபோனேன். ஏறிய காற்று டவர் வழியாகவே கீழே திரும்பும். ஹோஸைச் சுற்றி, ஏசி செப்புக் குழாய்க்குப் போடுகிற கறுப்பு உறை. பைப்புக்கும் உறைக்கும் இடையில் மீன்பெட்டி ரெஜிபோம் (தெர்மோகோல்) சீவல். நுரை அடங்கியது. இப்போது முதல் கிளாஸின் மேல் இரண்டு விரல் நுரை, அது வேண்டியதுதானே.

இனித்தான் என் கேள்வி. ஆனி ஆடியில் கச்சான் காற்று அடிக்கும்போது டவர் காய்ந்து கிடக்கிறது. மாரி தொடங்கியதும் வெளிப்புறமெல்லாம் வியர்த்து, தண்ணீர் வழிந்து பிரிட்ஜின் மேல்தட்டில் தேங்குகிறது. யாராவது இதைச் சமாளித்தீர்களா? அப்புறம், கடல் இருநூறு யார் (கெஜம்) தூரத்தில் என்பதால் 304 ஸ்டெயின்லஸிலும் பழுப்புப் புள்ளி தெரிகிறது. உப்புக்கு இன்னும் தாங்குகிற 316 ரகம் எடுத்திருப்பவர்கள் சொல்லுங்கள்.

மட்டிக்களி, பிரிட்ஜ் வேலை:

தம்பி, வியர்ப்பது உள்ளே இருக்கிற குளிர் இரும்பைத் தொடுவதால். ரெஜிபோம் சீவலுக்கு நடுவில் இடைவெளி இருந்தால் அந்த இடத்தில்தான் முதலில் வியர்க்கும். சீவலை எடுத்துவிட்டு ஸ்பிரே போம் அடியுங்கள், இடுக்கெல்லாம் நிரம்பும். அதற்கு முன் காற்றுக் குழாயையும் ஹோஸையும் ஒரு பிளாஸ்டிக் பைப்புக்குள் விட்டுக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் பிறகு ஹோஸ் மாற்ற முடியாது. டவரின் அடித்தட்டுக்கும் பிரிட்ஜுக்கும் நடுவில் ஒரு தடித்த ரப்பர் தட்டு. இது செய்தால் முக்கால்வாசி நிற்கும். கார்த்திகை மார்கழியில் கொஞ்சம் துடைக்கத்தான் வேண்டும்.

எனக்குக் கவலை வேறு. இதை வாசித்துவிட்டு நாளைக்கு நாலு பேர் வீட்டுப் பிரிட்ஜில் துறப்பணம் வைப்பார்கள். புதிய பிரிட்ஜுகள் பலவற்றில் ஓடுவது ஆர்600ஏ, தீப்பிடிக்கும் வாயு. பின்னால் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரை முதலில் பாருங்கள். அந்த வாயு போகிற சூட்டுக் குழாய் எங்கே ஓடுகிறது என்று தெரியாமல் மேல்தட்டைத் தொடாதீர்கள். நான் செய்வது இதுதான்: சோளமாவைச் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் கரைத்து மேல்தட்டில் மெல்லிசாகப் பூசிவிட்டு பிரிட்ஜை ஓடவிடுவேன். குழாய் போகிற பாதையில் மட்டும் முதலில் காய்ந்து வெள்ளைக் கோடு விழும். பென்சிலால் அதை வரைந்துகொண்டு, கோட்டிலிருந்து நன்றாகத் தள்ளித் துளை போடலாம். கோடு எதுவும் விழாவிட்டாலும் முதலில் தகரத்தை மட்டும் வெட்டி, உள்ளிருக்கும் போமை விரலால் தோண்டிப் பார்த்துத்தான் கீழே இறங்குவேன்.

பெட்டி பிரீசர் என்றால் சுவரெல்லாம் குழாய். அதில் துளையே வேண்டாம். மூடியைக் கழற்றி, மரச்சட்டம் ஒன்று அடித்து நடுவில் வையுங்கள். டப்பை அந்தச் சட்டத்தில் பூட்டலாம், டவரே தேவையில்லை. ஆனால் பிரீசர் தன் பாட்டில் ஓடினால் கெக் உறைந்துவிடும். வெளியில் ஒரு வெப்பக் கட்டுப்பாட்டுப் பெட்டி பூட்டி, அதன் உணரியைக் கெக்கின் உடம்பில் ஒட்டி, மேலே ஒரு ரெஜிபோம் துண்டை வைத்துக் கட்டுங்கள். சும்மா காற்றில் தொங்கவிட்டால் கொம்பிரசர் நின்று நின்று ஓடிக் கெட்டுப்போகும்.

கின்னியா:

எங்கள் வீட்டில் பியர் இல்லை, இஞ்சி பியர்தான். ஈஸ்ட் போடுவதில்லை, இஞ்சியும் சீனியும் தேசிக்காயும் காய்ச்சி ஆறவைத்து, கெக்கில் வாயு ஏற்றுவது. நோன்புப் பெருநாளுக்கு வீடு நிறைய ஆள் வரும், ஒரு கெக் பகலிலேயே முடிந்துவிடும். சொந்தக்காரர் ஒருவர் சவுதியிலிருந்து கொண்டுவந்த டவர் பித்தளைக்கு குரோம் பூசியது. தேசிக்காய்ப் புளி கொஞ்சக் காலத்தில் அந்தப் பூச்சைத் தின்று, உள்ளே மஞ்சள் தெரிய ஆரம்பித்தது. குடிக்கும்போது செம்புக்காசை வாயில் வைத்த மாதிரி ஒரு ருசி. பானம் தொடுகிற இடமெல்லாம் ஸ்டெயின்லஸாக இருக்கட்டும். ஜீ.ஐ. பைப் (துத்தநாகம் பூசிய இரும்பு) வெளிக்கூட்டுக்கு மட்டும் சரி.

இஞ்சித் தும்பை இரட்டைத் துணியில் வடிக்காவிட்டால் கெக்கின் வாய் அடைத்துவிடும். பியருக்கு வாயு அழுத்தம் 12 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை இறாத்தல்) போதும், 3/16 அங்குல ஹோஸ் 8, 10 அடி காணும். சோடா மாதிரி விறுவிறு என்று வேண்டுமென்றால் 25க்கு மேல் ஏற்ற வேண்டும். அப்போது ஹோஸும் 20 அடிக்கு மேல் வேண்டும், இல்லாவிட்டால் கிளாஸில் ஊற்றாது, பீச்சும். சுருட்டிக் கெக்கின் மேலேயே வைத்தால் ஹோஸும் குளிராக இருக்கும். இஞ்சி ஓடிய ஹோஸில் பிறகு வேறு எதுவும் விடாதீர்கள், அந்த வாசம் போகவே போகாது. எறும்பைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. இரவில் டப்பின் மூக்கைச் சுடுநீரில் கழுவி ஒரு மூடி போடாவிட்டால் விடிய வரிசை கட்டி நிற்கும்.

டொரொண்டோவில் இருக்கும் மூதூர்க்காரன்:

இங்கே நிலவறை எப்போதும் குளிர், டவர் தன் பாட்டில் கிடக்கும். ஊருக்கு வந்து அண்ணைக்கு ஒன்று பூட்டிக் கொடுத்தபோதுதான் சிலிண்டர் விளையாட்டுப் புரிந்தது. கரியமில வாயு 31 பாகைக்கு மேல் எவ்வளவு அழுத்தினாலும் திரவமாக நிற்காது. நம்ம ஊர் மத்தியானம் அதைத் தாண்டும். முற்றத்து வெயிலில் சிலிண்டரை வைத்தால் அழுத்தம் கண்டபடி ஏறும், அளவுக்கு மேல் நிரப்பியிருந்தால் பாதுகாப்பு வால்வு வெடித்துத் திறக்கும். நிழலில் நிமிர்த்தி, கட்டி வையுங்கள். பிரிட்ஜுக்குள் வைத்தால் மீற்றர் 550 பிஎஸ்ஐ அளவுக்கு இறங்கிக் காட்டும், வாயு முடிந்துவிட்டது என்று அண்ணை ஓடிப்போய் நிரப்பக் கேட்டார். குளிர்ந்ததால் இறங்கியது, அவ்வளவுதான். எவ்வளவு மிச்சம் என்று தெரிய வேண்டுமானால் தராசில் நிறுத்துப் பாருங்கள். பூட்டுகளில் சவர்க்கார நுரை தடவிக் கசிவு பாருங்கள்; பூட்டிய சின்ன அறையில் கசிந்தால் ஆளையே விழுத்தும்.

இன்னொன்று, இங்கே சொந்தப் பாவனைக்கு வீட்டில் பியர் காய்ச்சலாம். அங்கே அனுமதிப்பத்திரம் இல்லாமல் காய்ச்சினால் மதுவரித் திணைக்களம் கதவைத் தட்டும். டவர் செய்வதில் பிரச்சினை இல்லை.

உப்புவெளிக்காரன்:

அதைச் சொன்னது நல்லது. என் கெக் ஒன்றில் சோடா, மற்றதில் தேசிக்காய். பியர் என்றால் அனுமதி உள்ள இடத்தில் எடுத்த கெக்தான், அதுவும் விசேஷத்துக்கு. அதன் வாய்ப்பூட்டு வேறு, தனியாக வாங்க வேண்டும்.

மட்டிக்களி அண்ணை, ஸ்பிரே போம் இந்த வாரமே அடிக்கிறேன். கின்னியா நானா சொன்னதைக் கேட்டபிறகு இஞ்சிக்கென்று தனி ஹோஸோடு மூன்றாவது டப் பூட்ட ஆசை வந்துவிட்டது. 3 அங்குலப் பைப்புக்குள் மூன்று ஹோஸும் உறையும் காற்றுக் குழாயும் அடங்காது. 4 அங்குல 316 பைப் ஒன்றரை அடித் துண்டு யாரிடமாவது சும்மா கிடந்தால் சொல்லுங்கள், வந்து எடுத்துக்கொள்கிறேன்.