அரண்மனைக்காரன் தெருவில் அரண்மனை இல்லை

தங்கசாலைப் பேத்தி:

எங்கள் ஆயாவுக்கு இப்போது 91 வயது. "நாங்க அரண்மனைக்காரன் தெருவுல இருந்தோம்" என்று சொல்லும்போது மட்டும் அவர் குரல் கொஞ்சம் நிமிரும். அதைக் கேட்டே வளர்ந்த நாங்கள், கொள்ளுத்தாத்தா ஏதோ அரண்மனையில் வேலை பார்த்தவர் என்று நம்பிக்கொண்டிருந்தோம். என் மாமா, அது ஆற்காடு நவாபின் சேப்பாக்கம் அரண்மனைதான் என்று முடிவுகட்டி, திருவல்லிக்கேணியில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை அலைந்தார். தெருவும் அகப்படவில்லை, நவாபும் அகப்படவில்லை.

போன வருடம் பரணில் இருந்த டிரங்குப் பெட்டியில் ஒரு கல்யாணப் பத்திரிகை கிடைத்தது. 1939-இல் நடந்த ஆயாவின் அத்தை கல்யாணம். ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் இங்கிலீஷ். தமிழில் 'அரண்மனைக்காரன் தெரு' என்று இருந்தது. திருப்பினால் 'ஆர்மீனியன் ஸ்ட்ரீட்'. மாமா பார்த்துவிட்டு அச்சுப்பிழை என்று சொல்லிவிட்டார். எனக்கும் சந்தேகம்தான். சரி, ஆயாவிடமே கேட்போம் என்று, தெருவில் என்னவெல்லாம் இருந்தது என்று கேட்டேன். "பழைய சர்ச்சு ஒண்ணு இருக்கும். ஆளே போகமாட்டாங்க, மணி மட்டும் அடிக்கும்" என்றார்.

அது சென்னைப் பாரிமுனைப் பக்கம் 1772-இல் கட்டிய ஆர்மீனியர் தேவாலயம். வியாபாரத்துக்கு வந்த ஆர்மீனியர்கள் இருந்த தெரு. 'அர்மேனியக்காரன்' ஊர் வாயில் புரண்டு புரண்டு அரண்மனைக்காரன் ஆகிவிட்டான். எங்கள் ராஜ வம்சம் அன்றோடு முடிந்தது.

தெரு கிடைத்தாலும் வீடு கிடைக்கவில்லை. பத்திரிகையில் இருந்த கதவு எண்ணை எடுத்துக்கொண்டு ஒரு செவ்வாய்க்கிழமை போய் நின்றோம். அந்தோணியார் கோயில் கூட்டத்தில் நடக்கவே இடமில்லை. இன்றைய போர்டுகளில் பழைய எண், புதிய எண் என்று இரண்டு இருக்கின்றன அல்லவா, அந்தப் 'பழைய எண்'ணும் எங்கள் எண் இல்லை. அதற்கும் முந்தையது எங்களுடையது. இதை முதலிலேயே யாராவது சொல்லியிருந்தால், முன்பின் தெரியாத ஒரு கடைக்காரரிடம் "இது எங்க பாட்டி வீடு" என்று கண்கலங்கியிருக்க மாட்டேன்.

அப்புறம்தான் பத்திரத்தைத் தேடினோம். கொள்ளுத்தாத்தா வாடகைக்கு இருந்தவர், அவர் பெயரில் பத்திரம் எப்படி இருக்கும்? இது எங்களுக்கு உறைக்கவே இரண்டு மாதம் ஆனது. நல்ல வேளையாகப் பத்திரிகையில் 'இன்னார் வீட்டு மாடியில்' என்று வீட்டுக்காரர் பெயர் இருந்தது. பதிவு அலுவலகத்தில் பெயருக்கு ஓர் அட்டவணை, சொத்துக்கு ஓர் அட்டவணை உண்டு. பெயர் வழியாகப் போனோம். பழைய வருடம் என்றதுமே அங்கிருந்த ஒருவர் இரண்டு முறை திருப்பி அனுப்பினார், மூன்றாவது முறை வேறு ஒருவர் பொறுமையாகத் தேடிக் கொடுத்தார்.

பத்திர நகலில் முக்கியமானது கதவு எண் இல்லை, செக்குபந்தி, அதாவது வீட்டைச் சுற்றியுள்ள எல்லை. வடக்கே ஓர் அச்சுக்கூடம், தெற்கே பொதுச் சந்து, மேற்கே 'ஆர்மீனியன் தெரு என்கிற அரண்மனைக்காரன் தெரு'. அச்சுக்கூடம் போய்விட்டது. சந்து அப்படியே இருக்கிறது, இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் பக்கவாட்டில் திரும்பவேண்டிய அகலம். அதை ஒட்டிய கட்டடத்தின் கீழே இப்போது மின்சாமான் குடோன். மேலே போகும் மரப்படியில் மூன்றாவது படி மட்டும் சிமெண்ட்.

1942 ஏப்ரலில் ஜப்பான்காரன் வருகிறான் என்று மதராஸே காலியானபோது, ஆயா அந்தப் படியில்தான் இறங்கியிருக்கிறார். திரும்ப வரவில்லை.

ரங்கூன் வாரிசு:

எங்களுக்கும் அதே 1942தான், ஊர் வேறு. அப்பத்தா ரங்கூனில் பிறந்தவர். ஐயாவின் கடிதக் கவரில் 'பிரேசர் தெரு, 27-ஆம் தெரு முக்கு' என்று இருந்தது. ரங்கூன் இப்போது யாங்கோன். அங்கே போனபோது பிரேசர் தெரு என்றால் ஒருவருக்கும் தெரியவில்லை. அது அனவ்ரட்டா சாலை ஆகிவிட்டது. மொகல் தெரு ஷ்வேபொந்தா ஆகிவிட்டது. நல்ல காலம், குறுக்குத் தெருக்களுக்கு அங்கே நம்பர்தான் பெயர். 26, 27 எல்லாம் அப்படியே இருக்கின்றன. வெள்ளைக்காரன் பெயரை அழிக்கலாம், 27-ஐ எதற்கு அழிப்பது?

முக்கில் நின்று பார்த்தால் காளி கோயில் கோபுரம். அதன் அருகே டீக்கடையில் ஒரு பெரியவர் தமிழில் "எந்த ஊரு தம்பி?" என்றார். காரைக்குடிப் பக்கம் என்றேன். "அதைக் கேக்கல, ரங்கூன்ல எந்தத் தெரு?" என்றார்.

கொழும்பிலிருந்து ஒருத்தி:

எங்கட அப்பப்பாவின் கணக்குக் கொப்பியில் செட்டியார் தெரு, வங்கிக் கடிதத்தில் சீ ஸ்ட்ரீட். இரண்டு கடை வைத்திருந்தார் என்று ஒன்றரை வருடம் பெருமைப்பட்டோம். ஒரே தெரு, ஒரே கடை.

பின்கோடு பித்தன்:

தேதி இல்லாத கடிதங்கள் வைத்திருப்பவர்கள் விலாசத்தின் கடைசி வரியைப் பாருங்கள். 'சென்னை-17' என்று தபால் வட்டார எண் மட்டும் இருந்தால் பெரும்பாலும் 1972-க்கு முந்தையது. அந்த வருடம் ஆகஸ்ட் 15-இல்தான் பின்கோடு வந்தது, 17 என்பது 600017 ஆனது. ஆனால் என் அப்பா 1990 வரை சென்னை-17 என்றே எழுதினார், அதனால் இதை மட்டும் நம்பவேண்டாம். 'மதராஸ் ராஜ்ஜியம்' என்று இருந்தால் 1969-க்கு முந்தையது என்று கொள்ளலாம்.

இன்னொன்று. தெருப் பெயர்களில் சாதியை எடுத்தபோது ஜி.என். செட்டி ரோடு ஜி.என். சாலை ஆனது. எடுத்தது நல்லதுதான். ஆனால் பழைய காகிதத்தில் தேடும்போது எடுத்ததையும் சேர்த்துத் தேடவேண்டியிருக்கிறது.

தங்கசாலைப் பேத்தி:

மரப்படியின் போட்டோவை ஆயாவிடம் காட்டினேன். பெரிதாக்கச் சொல்லி வெகுநேரம் பார்த்தார். "அந்தப் படியை அப்பவே மாத்தச் சொன்னோம், வீட்டுக்காரன் கேக்கல" என்றார்.