வெல்லர் எங்குமே கிடைக்கவில்லை: கோதுமை பர்பனில் மாற்று உண்டா?

சார்லட்_சேகர்

வணக்கம். வட கரோலினாவில், சார்லட் அருகே இருக்கிறேன். மனைவியின் அண்ணன் கோயம்புத்தூரிலிருந்து வருகிறார். "மாப்பிள்ளை, பச்சை லேபிள் வெல்லர் ஒன்று எடுத்து வையுங்கள்" என்பது மட்டும்தான் அவர் வைத்த கோரிக்கை. முடிந்தால் ஊருக்கு எடுத்துப் போகவும் ஒன்று வேண்டுமாம்.

வெல்லர் ஒரு பர்பன், அதாவது அமெரிக்க விஸ்கி. நான் ஸ்காட்ச் குடிப்பவன், பர்பன் பக்கம் அதிகம் போனதில்லை. சாதாரண விஷயம் என்று நினைத்துத்தான் கிளம்பினேன். எங்கள் மாநிலத்தில் மதுக்கடைகள் அரசு மது வாரியக் கடைகள். விலைப்பட்டியலில் அந்தப் பச்சை லேபிள், அதாவது வெல்லர் ஸ்பெஷல் ரிசர்வ், 30 டாலர் சுமாருக்குத்தான் இருக்கிறது, ஆனால் அலமாரியில் ஒன்றுகூட இல்லை. கேட்டால், "லாரி வந்த அன்றே போய்விடும்" என்கிறார்கள். எல்லை தாண்டித் தென் கரோலினாவுக்குப் போனேன். அங்கே சுவரில் சிவப்புப் புள்ளிகள் வரைந்த ஒரு தனியார் கடையில் அதே பாட்டில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. விலை 110 டாலர். பக்கத்திலேயே தரையில் மேக்கர்ஸ் மார்க் அட்டைப்பெட்டி அட்டைப்பெட்டியாக அடுக்கிக் கிடக்கிறது, லார்சனியும் இருக்கிறது. இரண்டும் 30 டாலரை ஒட்டித்தான். மூன்றுமே கோதுமை பர்பன்தான் என்று கடைக்காரர் சொன்னார்.

பிறகு ஏன் ஒன்று மட்டும் கண்ணாடிக்குள்? 110 கொடுக்கலாமா? ஃபேஸ்புக்கில் ஒருவர் 12 ஆண்டு வைத்த வெல்லர் 12 தருகிறேன் என்கிறார், நம்பலாமா?

மரப்பீப்பாய்

110 கொடுக்காதீர்கள். அந்தப் பணத்துக்கு மேக்கர்ஸ் மார்க்கின் வலிமை கூடிய காஸ்க் ஸ்ட்ரெங்த் ஒன்றும் லார்சனி ஒன்றும் வாங்கினாலும் கையில் மிச்சம் இருக்கும். ஒன்று மட்டும் விசாரித்துக்கொள்ளுங்கள்: மைத்துனர் கேட்பது சுவையையா, லேபிளையா? லேபிள்தான் என்றால் எங்கள் ஆலோசனை எதுவும் உதவாது, பணத்தை எடுத்து வையுங்கள்.

லூயிவில்வாசி

சேகர், கடைக்காரர் சொன்னது சரிதான். பர்பன் என்றால் குறைந்தது 51 விழுக்காடு மக்காச்சோளம் இருக்க வேண்டும், உட்புறம் கருக்கிய புதிய ஓக் பீப்பாயில் வைக்க வேண்டும் என்பது அமெரிக்கச் சட்டம். மீதியில் வழக்கமாக ரை என்ற தானியமும் முளைகட்டிய பார்லியும் சேர்ப்பார்கள். அந்த ரையின் இடத்தில் கோதுமையைப் போட்டால் நீங்கள் தேடும் வகை. ரை தரும் மிளகுக் காரமும் கிராம்பு வாசனையும் அதில் இருக்காது. கோதுமை அடக்கமான தானியம். அது ஒதுங்கி நிற்பதால் சோளத்தின் இனிப்பும் பீப்பாயின் வெனிலா வாசனையும் முன்னால் வருகின்றன. "மென்மையாக இருக்கிறது" என்று எல்லாரும் சொல்வது இதைத்தான்.

மேக்கர்ஸ் மார்க்கின் தானியக் கலவை வெளிப்படையானது: சோளம் 70 விழுக்காடு, கோதுமை 16, பார்லி 14. லார்சனியில் 68, 20, 12. வெல்லரின் கணக்கை அதை வடிக்கும் பஃபலோ டிரேஸ் வடிசாலை வெளியே சொல்வதில்லை. சாராயத்தைப் பீப்பாயில் எந்த வலிமையில் (ஆல்கஹால் விழுக்காட்டில்) ஊற்றுகிறார்கள் என்பதும் முக்கியம். சட்டம் 62.5 விழுக்காடு வரை அனுமதிக்கிறது, மேக்கர்ஸ் 55-இலேயே ஊற்றிவிடுகிறார்கள். வலிமை குறைவாக ஊற்றினால் அதே அளவு விஸ்கிக்குப் பீப்பாய்கள் கூடுதலாகத் தேவை. செலவுதான், ஆனாலும் விடாமல் செய்கிறார்கள். இத்தனை செய்தும் அந்தப் பாட்டில் தரையில் கிடப்பதால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

வெல்லர் கண்ணாடிக்குள் போனதற்குக் காரணம் குடும்பப் பெயர். லூயிவில் அருகே ஷைவ்லியில் 1935-இல் ஸ்டிட்சல்-வெல்லர் வடிசாலை திறந்தது. அதன் தூண் ஜூலியன் வான் விங்கிள், ஊரார் வாயில் "பாப்பி". வெல்லர், ஓல்டு ஃபிட்ஸ்ஜெரால்டு, ரெபெல் யெல் எல்லாம் அங்கே வடித்த கோதுமை பர்பன்கள்தான். 1972-இல் குடும்பம் அதை விற்றது. வோட்கா அலையில் பர்பன் விலைபோகாத காலம் அது. 1992-இல் வடிப்பு நின்றது. 1999-இல் பெயர்கள் பிரிந்தன: வெல்லர் பஃபலோ டிரேஸின் உரிமையாளரான சாஸராக்கிடம் போனது, ஓல்டு ஃபிட்ஸ்ஜெரால்டு ஹெவன் ஹில்லிடம் போனது. ஹெவன் ஹில் 2012-இல் கொண்டுவந்த லார்சனி அந்த ஃபிட்ஸ்ஜெரால்டு வழியில் வந்ததுதான்.

இதற்கிடையே அந்தப் பாப்பியின் பேரன் (அவர் பெயரும் ஜூலியன்தான்), மிச்சமிருந்த பழைய பீப்பாய்களைப் பாப்பி வான் விங்கிள் என்ற பெயரில் பாட்டிலில் அடைத்தார். 1990-களில் அதன் 20 ஆண்டு விஸ்கிக்கு ஒரு சுவைச் சோதனை நிறுவனம் 99 மதிப்பெண் கொடுத்தது. 2002-இல் அவர் பஃபலோ டிரேஸுடன் கூட்டுச் சேர்ந்தார். இப்போது பாப்பியும் வெல்லரும் ஒரே கூரையின் கீழ் ஒரே கோதுமைக் கலவையில் பிறக்கின்றன. அந்தச் செய்தி பரவிய நாளிலிருந்து வெல்லருக்கு நிம்மதி இல்லை. 12 ஆண்டு வெல்லரையும் 53.5 விழுக்காடு வலிமையுள்ள வெல்லர் ஆன்டிக்கையும் கலந்தால் "ஏழையின் பாப்பி" என்று ஒரு யோசனை கிளம்பியது. ஏழைகள் எல்லாரும் கிளம்பிப் போனதில் அந்த இரண்டும் இன்று பச்சை லேபிளைவிட அரிது.

அதே கலவை என்பதால் அதே விஸ்கி ஆகிவிடாது. எத்தனை ஆண்டு, கிடங்கில் எந்த மாடி, எந்தப் பீப்பாய் என்பதில்தான் பாதிச் சுவை. பச்சை லேபிளில் ஒருகாலத்தில் 7 ஆண்டு என்று போட்டிருந்தார்கள், இப்போது வயதே போடுவதில்லை.

எட்டாம்_மாடி

எல்லாம் நாடகம். கென்டக்கியின் மக்கள்தொகை 50 லட்சம்கூட இல்லை, கிடங்குகளில் ஒரு கோடிக்கும் மேல் பீப்பாய்கள் தூங்குகின்றன. வேண்டுமென்றே பிடித்து வைத்துக்கொண்டு தட்டுப்பாடு என்கிறார்கள்.

கணக்குப்பிள்ளை

பீப்பாய் எண்ணிக்கை சரி, முடிவு சரியில்லை. அந்த ஒரு கோடியில் பெரும்பகுதி ரை சேர்ந்த பர்பன், இன்னும் வயது வராதது. இன்று வெல்லர் 12 வேண்டும் என்றால் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பே யாராவது வடித்து வைத்திருக்க வேண்டும். வடித்து வைத்தது அப்படியே இருக்கவும் இருக்காது. 200 லிட்டர் பீப்பாயிலிருந்து கென்டக்கி வெயிலில் ஆண்டுக்கு 3 முதல் 5 விழுக்காடு ஆவியாகிப் போகும். 23 ஆண்டு பாப்பிக்குப் பீப்பாயைத் திறக்கும்போது பாதிக்கும் மேல் காற்றோடு போயிருக்கும். பஃபலோ டிரேஸ் 120 கோடி டாலர் செலவில் உற்பத்தியை இரட்டிப்பாக்கியிருக்கிறது, உண்மைதான். அந்தக் கூடுதல் விஸ்கி வயதுக்கு வந்து கடைக்கு வர வேண்டாமா?

கையிருப்பு போதாமல் போனால் என்ன செய்வது என்பதற்கு மேக்கர்ஸ் 2013 பிப்ரவரியில் ஒரு வழி கண்டுபிடித்தது. 45 விழுக்காட்டை 42 ஆக்கி, தண்ணீர் சேர்த்து, எல்லாருக்கும் கொடுப்போம் என்று அறிவித்தது. வாடிக்கையாளர்கள் பிடித்த பிடியில் பத்து நாள் ஆவதற்குள் முடிவைத் திரும்பப் பெற்றார்கள். அதற்குப் பிறகு அந்தப் பக்கம் போக யாருக்குத் துணிவு வரும்? மற்றவர்கள் தேர்ந்தெடுத்தது ஒதுக்கீடு: இருப்பதை மாநில வாரியாக, கடை வாரியாகப் பங்கு வைப்பது.

சேகர் பார்த்த இரண்டு கடைகளிலேயே மொத்த விவகாரமும் இருக்கிறது. வட கரோலினாவில் மாநிலம் முழுவதும் ஒரே விலை, ஏறக்குறைய நம் டாஸ்மாக் போல. சந்தையில் நூறு டாலர் பெறும் பொருளுக்கு 30 டாலர் என்று விலை ஒட்டினால் அலமாரி காலியாகத்தான் இருக்கும். அங்கே நீங்கள் விலை கொடுப்பது நேரத்தில்: லாரி என்றைக்கு வரும் என்று விசாரித்து, வரிசையில் நின்று, குலுக்கலில் பெயர் கொடுத்து. தென் கரோலினாவில் கடைக்காரர் வைத்ததே விலை, ஆகவே பாட்டில் இருக்கிறது. வடிசாலை இந்த இரண்டிலும் தலையிட முடியாது. மதுவிலக்கு 1933-இல் நீங்கியபோது வந்த ஏற்பாட்டின்படி தயாரிப்பாளர், மொத்த விநியோகஸ்தர், சில்லறைக்காரர் என்று மூன்று அடுக்கு. பரிந்துரை விலை என்பது பரிந்துரை மட்டுமே.

ஒரே விலை என்றால் நியாயம் என்றும் இல்லை. ஒரிகனில் மாநில மது வாரியத்தின் உயர் அதிகாரிகள் சிலர் பாப்பி போன்ற அரிய பாட்டில்களைத் தங்களுக்கென ஒதுக்கி வைத்து வாங்கியது உள் விசாரணையில் தெரிந்து, 2023-இல் வாரிய இயக்குநர் பதவி விலகினார். பணம் முழுவதும் கொடுத்துத்தான் வாங்கினார்கள். வரிசையில்தான் நிற்கவில்லை.

எட்டாம்_மாடி

சரி, வடிசாலையை விட்டுவிடுகிறேன். விநியோகஸ்தர்களை விட மாட்டேன். வோட்காவும் ரம்மும் நிறைய எடுக்கிற கடைக்கே முதலில் வெல்லர் போகிறது. ஓரமாக நல்ல கடை நடத்துகிற சிறியவர் கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறார்.

கணக்குப்பிள்ளை

அதில் எனக்கு மறுப்பே இல்லை.

சார்லட்_சேகர்

இவ்வளவு எதிர்பார்க்கவில்லை, நன்றி. மைத்துனரிடம் பேசினேன். சுவைதான் முக்கியம் என்கிறார், ஆனால் குரலில் லேபிள் ஆசை தெரிகிறது. அவர் பனிக்கட்டி போட்டுக் குடிப்பவர். மூன்றையும் ஒப்பிட்டுப் பார்க்க எளிய வழி உண்டா?

மரப்பீப்பாய்

உண்டு. வெல்லரைப் பாட்டிலாக வாங்காதீர்கள். சார்லட்டில் நல்ல பர்பன் வைத்திருக்கும் பார் ஒன்றைத் தேடுங்கள், அங்கே ஒரு அவுன்ஸ் வெல்லர் கிடைத்துவிடும். கூடவே மேக்கர்ஸும் லார்சனியும் கேளுங்கள். வெல்லரும் மேக்கர்ஸும் 45 விழுக்காடு, லார்சனி 46. வலிமை ஏறக்குறைய ஒன்றே என்பதால் போட்டி நியாயமானது. ஒரே மாதிரிக் குவளை மூன்றில் ஊற்றச் சொல்லி, அடியில் எண் ஒட்டி, மைத்துனர் பார்க்காதபோது இடம் மாற்றி வையுங்கள். முதலில் பனிக்கட்டி வேண்டாம், குளிர்ந்தால் மூன்றும் ஒன்றுபோல் ஆகிவிடும். மூக்கைக் குவளைக்குள் விடாமல் விளிம்புக்கு மேலே வைத்து, வாயைச் சற்றுத் திறந்தபடி முகரட்டும். முதல் வாயை எண்ணிக்கையில் சேர்க்காதீர்கள், அது நாக்கைப் பழக்குவதற்கு. இரண்டாவது வாயில்தான் சுவை தெரியும். பிறகு நான்கைந்து சொட்டுத் தண்ணீர்.

எனக்குத் தெரிந்த அளவில்: மேக்கர்ஸில் வெனிலாவும் கருக்கிய சர்க்கரையும், கடைசியில் ஓக்கின் துவர்ப்பும். லார்சனியில் புதிதாகச் சுட்ட ரொட்டியின் வாசனை, கொஞ்சம் வேர்க்கடலைத் தோல், தொண்டையில் சூடு சற்றுக் கூடுதல். பச்சை லேபிள் மூன்றில் மிக இலேசானது: தேன், கொஞ்சம் செர்ரி, சட்டென்று முடிந்துவிடும். மோசமில்லை, நல்ல விஸ்கிதான். 30 டாலருக்குக் கிடைத்தால் நானே இரண்டு எடுப்பேன்.

பனிக்கட்டியோடு குடிப்பவருக்கு என் தேர்வு மேக்கர்ஸ் காஸ்க் ஸ்ட்ரெங்த். தண்ணீர் சேர்க்காமல் அடைத்தது, தொகுதிக்குத் தொகுதி 55 விழுக்காட்டை ஒட்டி மாறும். கட்டி கரைந்தாலும் சுவை நிற்கும். செலவைக் குறைக்க வேண்டும் என்றால் ரெபெல் 100 பாருங்கள். பழைய ரெபெல் யெல்லின் வாரிசு, 50 விழுக்காடு, இதுவும் கோதுமைதான். லேபிள் அழகாக இருக்காது.

லூயிவில்வாசி

ஃபேஸ்புக் ஆளைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. வேண்டவே வேண்டாம். பெரும்பாலான மாநிலங்களில் உரிமம் இல்லாத தனிநபர் மது விற்பது சட்டவிரோதம். அந்தத் தளமே 2019-இல் தனிநபர் மது விற்பனையைத் தடை செய்துவிட்டது. அதனால்தான் இவர்கள் தனிச் செய்தியில் வருகிறார்கள். அதைவிடப் பெரிய தொல்லை போலி. காலியான பாப்பி, வெல்லர் பாட்டில்களுக்கே இணையத்தில் விலை உண்டு. அதை வாங்குகிறவர்கள் எல்லாரும் பூ வைக்கவா வாங்குகிறார்கள்? உள்ளே மலிவான பர்பனை ஊற்றி மூடியின் மேலுறையைப் புதிதாக ஒட்டிவிட்டால் படத்தில் கண்டுபிடிக்க முடியாது.

சார்லட்_சேகர்

மைத்துனர் வந்தார், பாருக்கும் போனோம். எண் ஒட்டிய குவளையைப் பார்த்து அங்கிருந்த பெண்மணி சிரித்துவிட்டார், அவரே இடமும் மாற்றி வைத்தார். சுவையில் நான் முதலிடம் கொடுத்தது லார்சனிக்கு. மைத்துனர் மேக்கர்ஸைக் காட்டி, "இதுதான் வெல்லர், சந்தேகமே இல்லை" என்றார். உண்மையான வெல்லரைத் "தண்ணியாக இருக்கிறது" என்று ஒதுக்கியிருந்தார். விடை தெரிந்த பிறகும் பச்சை லேபிள் பாட்டிலைக் கையில் வாங்கி ஒரு படம் எடுத்துக்கொண்டார், ஊரில் காட்டுவதற்கு.

வீட்டுக்கு மேக்கர்ஸ் காஸ்க் ஸ்ட்ரெங்த் வாங்கினோம். அவர் எடுத்துப் போக அதில் ஒன்று, லார்சனி ஒன்று. விமானத்தில் இவ்வளவு வலிமையான மதுவுக்குத் தடை ஏதும் உண்டா?

கணக்குப்பிள்ளை

24 முதல் 70 விழுக்காடு வரை உள்ள மது, விமான நிறுவனத்திடம் ஒப்படைக்கும் பெட்டியில் ஆளுக்கு 5 லிட்டர் வரை போகலாம். 70-க்கு மேல் கூடவே கூடாது, உங்களுடையது அதைத் தொடாது. கடையில் வாங்கியபடியே திறக்காமல் இருக்க வேண்டும், ஆகவே இன்று இரவு ருசி பார்க்கும் ஆசை வந்தால் வீட்டுப் பாட்டிலைத் திறவுங்கள். இந்தியாவில் இறங்கும்போது 2 லிட்டர் வரை சுங்க வரி இல்லை. 750 மில்லி இரண்டு என்றால் ஒன்றரை லிட்டர், இன்னும் அரை லிட்டருக்கு இடம் இருக்கிறது. விமான நிலைய வரியில்லாக் கடையில் ஒரு லிட்டர் பாட்டில் மலிவாக இருக்கிறது என்று மைத்துனர் கைவைத்தால் மட்டும் கணக்குத் தாண்டிவிடும், முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

மரப்பீப்பாய்

மேக்கர்ஸ் பாட்டிலின் சிவப்பு மெழுகு பெட்டிக்குள் உரசினால் உதிர்ந்து வேட்டி சட்டையெல்லாம் ஒட்டிக்கொள்ளும். கழுத்துக்கு ஒரு பிளாஸ்டிக் பை போட்டுக் கட்டுங்கள்.