தண்டையார்பேட்டை – விம்கோ நகர் பகுதியில் வீடு தேட வழிகாட்டுங்கள்

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். என் பெற்றோரால் இப்போது படியேற இயலாததால், சென்னையில் தண்டையார்பேட்டை முதல் விம்கோ நகர் வரையிலான மெட்ரோ நிலையங்களில் ஏதேனும் ஒன்றுக்கு நடந்து செல்லும் தூரத்தில், தரைத்தளத்திலோ லிஃப்ட் உள்ள கட்டடத்திலோ இரண்டு படுக்கையறை கொண்ட பழைய அடுக்குமாடி வீடு ஒன்றை வாங்க மூன்று மாதங்களாக இணையத்தில் தேடி வருகிறேன்.

விற்றுப்போன வீடுகளே புதிய விளம்பரங்களாகத் திரும்பத் திரும்ப வருகின்றன. ஒரே வீட்டை நான்கு தரகர்கள் நான்கு விலைக்குப் போட்டிருக்கிறார்கள். திருவொற்றியூர் என்று தேடினால் மணலி வீடுகளும் கலந்து வருவதால், 600019 என்ற அஞ்சல் குறியீட்டையும் நிலையத்தின் பெயரையும் சேர்த்துத் தேடுகிறேன். ஓரளவு பயன் கிடைக்கிறது.

சதுர அடிக் கணக்குதான் பெரும் குழப்பம். 900 என்று போட்டிருந்தால், அதில் மாடிப்படி, பொதுவழி ஆகியவற்றின் பங்கும் அடக்கமா, பிரிபடாத மனைப் பங்கு (கட்டடம் நிற்கும் நிலத்தில் அந்த வீட்டுக்குரிய பங்கு) எவ்வளவு என்பது நான் பார்த்த விளம்பரங்களில் இல்லை. பழைய கட்டடத்தில் நாம் கொடுக்கும் விலையின் பெரும்பகுதி அந்த மனைக்கே என்பதால் இதை விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. சொத்தின் மீது பதிவான விற்பனை, அடமான விவரங்களைக் காட்டும் வில்லங்கச் சான்றைப் பதிவுத்துறை இணையதளத்தில் பார்க்கலாம் என்றாலும், அதில் தேட உதவும் சர்வே எண்ணைக் கேட்டால் தரகர்கள் தர மறுக்கிறார்கள்.

உரிமையாளரே போட்ட விளம்பரத்தை எப்படி அடையாளம் காண்பது? 2023 டிசம்பர் மழையில் எந்தெந்தத் தெருக்களில் தண்ணீர் நின்றது என்பதையும் அங்கு குடியிருப்பவர்கள் அன்புகூர்ந்து தெரிவியுங்கள்.