பெயரில் ஒரு இடைவெளி, ஒரு மேற்கோள்குறி: ஷெல் கட்டளையில் நீங்கள் பட்டது என்ன?

கும்பகோணத்திலிருந்து:

மகாமகக் குளம் பக்கம் ஒரு கல்யாண ஸ்டுடியோவில் லினக்ஸ் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிறேன். ஐப்பசி முகூர்த்த நெருக்கடியில் டிஸ்க் நிரம்பிவிட்டது. "ரிசப்ஷன் பழையது" என்ற ஃபோல்டரை அழிக்க ஸ்கிரிப்ட் எழுதினேன். பக்கத்திலேயே "ரிசப்ஷன்" என்று அன்று காலை இறக்கிய படங்கள். ஃபோல்டர் பெயரை வைத்திருந்த மாறியைச் சுற்றி இரட்டை மேற்கோள்குறி போடவில்லை. கட்டளைகளைப் படித்து ஓட்டும் நிரலான ஷெல், இடைவெளியில் பெயரை இரண்டாக வெட்டி, ஃபைல்களை அழிக்கும் ஆர்எம் (rm) கட்டளையிடம் கொடுத்தது. புதுப் படங்கள் போயின, பழையது அப்படியே இருந்தது. எதுவும் கேட்காமல் அழிக்கச் சொல்லும் "எஃப்" (-f) ஆப்ஷன் போட்டிருந்ததால் பிழைச் செய்திகூட வரவில்லை. கேமரா கார்டை யாரும் ஃபார்மேட் செய்யாததால் படங்கள் திரும்பக் கிடைத்தன. பெண் வீட்டாரிடம் என்ன சொல்லியிருப்பேன் என்று நினைத்தால் இன்றும் வயிறு கலங்குகிறது.

அப்புறம் எல்லாப் பெயரையும் ஒற்றை மேற்கோள்குறிக்குள் வைத்தேன். வேளாங்கண்ணிக் கல்யாணம் ஒன்று வந்தது, மாப்பிள்ளை வீட்டுப் பெயர் டி'சூசா. அந்த நடுக்குறியே மேற்கோளை மூடிவிட்டது. யூனிக்ஸ் ஷெல்லில் அங்கே மேற்கோளை மூடி, பின்சாய்கோடும் குறியும் போட்டு, மறுபடி திறக்க வேண்டும். இதைக் கையால் செய்யவே கூடாது என்று அன்றைக்கு முடிவு செய்தேன். இப்போது பைத்தான் மொழியில் வேறு நிரல்களை ஓட்ட உதவும் சப்புராசஸுக்கு (subprocess) ஒவ்வொரு சொல்லையும் பட்டியலாகக் கொடுக்கிறேன். நடுவில் ஷெல்லே இல்லை.

திருவாரூரிலிருந்து:

அண்ணா, லினக்ஸில் அது சரி. அங்கே நிரலுக்குப் பட்டியல் பட்டியலாகவே போய்ச் சேரும். விண்டோஸில் எல்லாம் ஒரே சரமாகப் போகும், பிரித்துக்கொள்வது அந்தந்த நிரலின் பாடு. விண்டோஸின் ஷெல்லான சிஎம்டிக்கு (cmd) ஒற்றை மேற்கோள்குறி வெறும் எழுத்துதான். ரைஸ்மில் பில்லுக்காக, சிஎம்டி ஓட்டும் கட்டளைகள் அடங்கிய ஒரு பேட்ச் ஃபைலைப் பைத்தானிலிருந்து பட்டியல் கொடுத்தே கூப்பிட்டேன். "குமார் & சன்ஸ்" என்று இடைவெளி விட்ட பெயர் தப்பித்தது, ஏனென்றால் பைத்தான் அதற்கு மேற்கோள் போட்டது. "குமார்&சன்ஸ்" என்று ஒட்டி எழுதியதற்குப் போடவில்லை. & குறிக்குப் பின்னால் இருந்ததை சிஎம்டி தனிக் கட்டளையாக ஓட்டப் பார்த்தது. 2024 ஏப்ரலில் பேட்பேட்பட் (BatBadBut) என்று வெளிவந்த பாதுகாப்புக் குறையும் பேட்ச் ஃபைல் பற்றியதுதான், ரஸ்ட் மொழியின் 1.77.2 பதிப்பில் அதைச் சரிசெய்தார்கள். நான் பேட்ச் ஃபைலையே தூக்கிவிட்டு அந்த வேலையைப் பைத்தானிலேயே எழுதிவிட்டேன். பைத்தானில் பெயருக்கு மேற்கோள் போட்டுத் தரும் shlex.quote-ஐ விண்டோஸில் நம்பாதீர்கள், அது யூனிக்ஸ் ஷெல்லுக்கு மட்டும்.

தஞ்சாவூரிலிருந்து:

எனக்குத் தமிழ்ப் பெயரே காணாமல் போனது. ஷெல்லுக்காகப் பெயருக்கு மேற்கோள் போடும், பிஎச்பி மொழியின் எஸ்கேப்ஷெல்ஆர்க் (escapeshellarg), சர்வரின் மொழி அமைப்பு (லோகேல்) "சி" என்று இருந்ததால், தமிழ் எழுத்துகளை உதறிவிட்டது. "ரசீது-12" என்ற ஃபைலில் மிஞ்சியது "-12" மட்டும். மேற்கோளுக்குள் இருந்தும், சிறு கோட்டில் (-) தொடங்கியதால் நிரல் அதை ஆப்ஷன் என்று எடுத்துக்கொண்டது. லோகேலை யுடிஎஃப்-8 ஆக்கினேன், பெயருக்கு முன்னால், இனி ஆப்ஷன் இல்லை என்று சொல்லும் இரட்டைக் கோடும் (--) போட்டேன். பிஎச்பி 7.4 முதல், வேறு நிரலை ஓட்டும் புராக்ஓப்பன் (proc_open) பட்டியலையே வாங்கிக்கொள்ளும், புதிதாக எழுதுகிறவர்கள் அதிலேயே தொடங்குங்கள்.