ஷஃபிள் போடுங்க, தாண்டாதீங்க: உங்க சேமிப்பில் என்ன வந்தது?

ஞாயிற்றுக்கிழமை பழைய ஹார்ட் டிஸ்கைத் தோண்டி எடுத்தேன். 4,212 பாட்டு இருக்கு. இதில் நான் விரும்பிக் கேட்பது முந்நூறு தேறினால் அதிகம். மீதியெல்லாம் எப்போதோ யாரோ பென்டிரைவில் கொடுத்தது, “இருக்கட்டுமே” என்று வைத்துக்கொண்டது.

சரி, ஷஃபிளில் போட்டு முதல் பத்துப் பாட்டைத் தாண்டாமல் கேட்பது என்று முடிவு பண்ணினேன். நீங்களும் பண்ணுங்கள். விமர்சனம் வேண்டாம், கேட்டதும் மனசில் என்ன வந்ததோ அதை மட்டும் எழுதுங்கள். தயவுசெய்து பாட்டின் பேரோ இசையமைப்பாளர் பேரோ போடாதீர்கள். போட்டால் நாலாவது பதிவிலேயே யார் பெரியவர் என்று சண்டை தொடங்கிவிடும், அதை இங்கே நிறையப் பார்த்தாயிற்று.

முதலில் வந்தது ஒரு சோகப் பாட்டு. சோகமெல்லாம் வரவில்லை, வால்யூம் அதிகமாக இருந்ததால் திடுக்கிட்டேன், அவ்வளவுதான். இரண்டாவது, “ட்ராக் 07” என்று ஒரு கோப்பு. ஆண் குரல், நீளமான ஹம்மிங், பிறகு தபேலா. என்ன பாட்டு என்று சத்தியமாகத் தெரியவில்லை. எப்படி என்னிடம் வந்தது என்பதும் தெரியவில்லை.

மூன்றாவதுதான் ஆளை உட்கார வைத்துவிட்டது. அந்தப் பாட்டு என்னிடம் முதலில் கேசட்டில் இருந்தது. பதிவு பண்ணும்போது ஏ பக்கம் தீர்ந்துபோய், இரண்டாவது சரணத்தின் நடுவில், ஒரு சொல்லின் பாதியில் ‘டக்’கென்று நின்றுவிடும். பள்ளிக்கூடம் முடிந்து, கல்லூரி முடிந்து, வேலைக்குச் சேரும்வரை அந்தப் பாட்டு எனக்கு அங்கேதான் முடிந்தது. இப்போது இருப்பது முழுப்பாட்டு, சுத்தமான கோப்பு. ஆனால் நேற்று அந்தச் சொல் நெருங்க நெருங்க, மேசையில் கிடந்த என் வலது கை தானாக எழுந்தது, கேசட்டைத் திருப்பிப் போட! எதிரே இருப்பது லேப்டாப். சொல் முழுசாக வந்து, பாட்டு பாட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தது. கடைசி ஒரு நிமிஷத்தை யாரோ முன்பின் தெரியாதவர் வீட்டு விசேஷத்தில் உட்கார்ந்திருப்பது போலக் கேட்டு முடித்தேன்.

*

சி-60 கேசட்டா? அப்படியென்றால் கணக்கு சரிதான். ஒரு பக்கத்துக்கு 30 நிமிஷம். பாட்டு நாலரை நிமிஷம் என்று வைத்தால் ஆறு பாட்டுக்கு 27 நிமிஷம் போய்விடும், ஏழாவது பாட்டுக்கு மூணு நிமிஷம்தான் ஆயுசு. சரியாக இரண்டாவது சரணத்தில் உயிர் போகும். என்னிடமும் இப்படிச் செத்த ஏழாவது பாட்டுகள் ஒரு பெட்டி நிறைய இருந்தன.

என் கதை பாட்டு தொடங்குவதற்கு முன்னால் நடப்பது. சின்ன வயதில் ஒரு கேசட்டில் ஒரு பாட்டு வரும். தொடங்குவதற்கு இரண்டு விநாடி முன்னால், அமைதியில், அதே முதல் வரி மிக மெல்லிசாகக் கேட்கும். கிணற்றுக்குள்ளிருந்து யாரோ பாடுகிற மாதிரி. அப்புறம் நிஜக் குரல் வரும். பேய் என்றுதான் அக்காவும் நானும் முடிவு பண்ணியிருந்தோம். ராத்திரியில் அந்தக் கேசட்டைத் தொட மாட்டோம்.

பேயெல்லாம் இல்லை, அதற்கு ‘பிரின்ட் த்ரூ’ என்று பேர். டேப் சுருளாகச் சுற்றிக் கிடக்கும்போது ஒரு சுற்றில் உள்ள காந்தப்பதிவு ஒட்டிக் கிடக்கும் அடுத்த சுற்றிலும் லேசாகப் படிந்துவிடும். கேசட் டேப் விநாடிக்கு 4.76 சென்டிமீட்டர்தான் ஓடும், அதனால் ஒரு சுற்று தாண்ட இரண்டு விநாடி, கொஞ்சம் முன்னே பின்னே ஆகும். டேப் மெல்லிசாக இருக்க இருக்க இந்தத் தொல்லை அதிகம். ரொம்ப நாள் ஓடாமல் கிடந்தாலும் அதிகம்.

இப்போது அதே பாட்டு ஷஃபிளில் வந்தது. டிஜிட்டல் கோப்பு, முன்னால் சுத்த அமைதி. அந்த அமைதியில் என் காது வேலை செய்து, மெல்லிசாக முதல் வரியைத் தானே பாடிக்கொண்டது. காரணம் தெரிந்தும் முதுகு சிலிர்த்தது. வீட்டில் சொன்னால் சிரிப்பார்கள் என்று இங்கே எழுதுகிறேன்.

*

நீங்கள் இருவரும் பாட்டின் முன்னாலும் பின்னாலும் இழந்திருக்கிறீர்கள். நான் நெடுக்குவாட்டில் பாதியை இழந்தவள்.

வேலைக்குப் போகவர இரண்டு வருஷம் ஒரு ஹெட்செட். வலது பக்கம் வாங்கிய சில மாதத்தில் போய்விட்டது. இடது வேலை செய்கிறதே என்று மாற்றவில்லை (சோம்பேறித்தனம்தான், வேறென்ன). அந்த இரண்டு வருஷமும் ஒரே ஒரு பாட்டைப் பைத்தியமாகக் கேட்டேன். ஒரு பெண் குரல், அடியில் ஒரு கிட்டார். ஒவ்வொரு வரிக்குப் பிறகும் ஒரு இடைவெளி விடுவார்கள். அடடா, என்ன நிதானம், எவ்வளவு தனிமை என்று உருகுவேன். ஒரு தோழியிடம் பத்து நிமிஷம் அந்த இடைவெளியைப் பற்றிப் பேசியதுகூட ஞாபகம் இருக்கிறது.

நேற்று புது ஹெட்செட்டில், ஷஃபிளில், அதே பாட்டு. முதல் வரி முடிந்தது. நான் பழக்கதோஷத்தில் இடைவெளிக்காகக் காத்திருக்கிறேன், வலது காதில் ஒரு வயலின் எழுந்து பதில் சொல்கிறது! நிஜமாகவே ஹெட்செட்டைக் கழற்றிவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். ஒவ்வொரு வரிக்கும் பதில் வருகிறது. கடைசிச் சரணத்தில் அந்தப் பெண் பாடி முடிப்பதற்குள்ளேயே வயலின் முந்திக்கொள்கிறது.

அந்தக் காலத்து ஸ்டீரியோவில் ஒரு வாத்தியத்தை அப்படியே ஒரு பக்கமாக ஒதுக்கி வைத்துவிடுவார்கள் என்று பிறகு தெரிந்துகொண்டேன். கேட்டதும் வந்தது ஆச்சரியம் இல்லை, கோபம். இத்தனை நாள் பாதிப் பாட்டுக்கு அழுதிருக்கிறேனே என்று. முழுசாக இரண்டாவது தடவை கேட்டபோது பாட்டு நன்றாகத்தான் இருந்தது, ஆனால் தனிமை போய்விட்டது. அந்தப் பெண்ணுக்கு முதலிலிருந்தே பேச்சுத்துணை இருந்திருக்கிறது.

*

மேடம், அந்த வயலினைக் கேட்காமலே இருந்திருக்கலாம் போல இருக்கு.

நம்ம கதை சின்னது. சின்ன வயசுல ஒரு பாட்டுல “காலை” வரும்னு பாடறதை “காளை” வரும்னு கேட்டுட்டேன். அப்பாகிட்ட “காளை ஏன்பா வருது?”ன்னு கேட்டா, அவர் பேப்பர் படிச்சுக்கிட்டே “காளைன்னா வாலிபன்டா”ன்னுட்டார். பாட்டு எழுதறவங்க அப்படியும் எழுதுவாங்கல்ல, அதனால யாருக்கும் சந்தேகம் வரலை. நான் மட்டும் கொம்போட ஒரு மாடு வாசல்ல வந்து நிக்கிறதாவே முப்பது வருஷம் கேட்டேன். நேத்து வரிகளோட பாட்டு ஓடிச்சு, திரையில “காலை”ன்னு இருந்தது. எழுத்துப் பிழைன்னு நினைச்சேன்.

*

நான் கொஞ்சம் பாடுவேன், அதனால் எனக்கு வந்த அடி வேறு வகை.

என்னிடம் ஒரு பாட்டு இருக்கிறது, வீட்டு டெக்கில் பதிவு பண்ணியதை வேறொரு டெக்கில் ஓட்டிக் கணினியில் ஏற்றியது. பதிவு பண்ணிய டெக்கில் பெல்ட் தளர்ந்திருந்தது. பதிவாகும்போது டேப் மெதுவாக ஓடினால், அதை நல்ல டெக்கில் போடும்போது வேகமாகப் போகும், சுருதியும் ஏறும். ஆனால் இதெல்லாம் அப்போது யாருக்குத் தெரியும்? அந்தக் கோப்போடு சேர்ந்து பாடிப் பாடித்தான் பாட்டைக் கற்றேன். பிறகு ஒரு விழாவில் கீபோர்டு வாசித்தவர் ஒரிஜினல் சுருதியில் தொடங்க, நான் அரைக் கட்டை மேலே எடுத்தேன். அவர் என்னைப் பார்க்க, நான் அவரைப் பார்க்க, பல்லவி முழுக்க இருவரும் எதிரெதிரே நின்றோம். அவர்தான் தப்பு என்று வெகுநாள் நம்பினேன்.

இந்த வாரம் ஷஃபிளில் அதன் நல்ல பிரதி வந்தது. நீளம் 4:00. என் பழைய கோப்பு 3:46. வேகம் ஆறு சதவீதம் கூடினால் சுருதி அரைக் கட்டை ஏறும், நாலு நிமிஷத்தில் 14 விநாடி குறையும். கணக்கு அப்படியே பொருந்தியது. அந்த கீபோர்டுக்காரரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும், நம்பர் இல்லை. ஒரிஜினல் எனக்கு இன்னும் தூக்கக் கலக்கத்தில் பாடுவது போலத்தான் இருக்கிறது.

*

எனக்குப் பத்தில் நாலு ஒரே பாடகர். இது என்ன ஷஃபிள்?

*

அதுதான் நிஜமான ஷஃபிள். குருட்டாம்போக்கில் எடுத்தால் ஒரே ஆள் அடுத்தடுத்து வரத்தான் செய்வார். இப்படிப் புகார் வந்துதான் ஸ்பாட்டிஃபை 2014-ல் ஒரே ஆளின் பாட்டுகள் தள்ளித் தள்ளி வருகிற மாதிரி முறையை மாற்றியது. உங்கள் சேமிப்பில் அவர் எத்தனை பாட்டு என்று எண்ணிப் பாருங்கள், குற்றவாளி யார் என்று தெரியும்.

அது கிடக்கட்டும். இழையைத் தொடங்கியவருக்கு ஒரு கேள்வி. உங்கள் “ட்ராக் 07”-ல் ஹம்மிங், தபேலா எல்லாம் முடிந்து, 2:10 பக்கத்தில் யாராவது இருமுகிறார்களா?

*

இருங்கள், போட்டுப் பார்க்கிறேன்.

இருமுகிறார்கள். இரண்டு தடவை. இரண்டாவது தடவை கையால் வாயைப் பொத்திக்கொண்டு. உங்களுக்கு எப்படித் தெரியும்? என்ன பாட்டு சார் இது?

*

என்னிடம் இருப்பது “ட்ராக் 07 காப்பி”. பாட்டு என்னவென்று எனக்கும் தெரியாது.